ஒரே இடத்துக்கு நாலு விளம்பர நெட்வொர்க்: எது உண்மையிலேயே கூடத் தருது?

டேஷ்போர்டுல தெரியிற சிபிஎம்மை (ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு, அதாவது விளம்பரம் ஆயிரம் தடவை காட்டப்படுறதுக்கு வர்ற காசு) வச்சு நெட்வொர்க்குகளை ஒப்பிடாதீங்க. அது விளம்பரம் நிரம்பின இம்ப்ரெஷனுக்கு மட்டுமான விலை. உதாரணக் கணக்கு: ‘அ’ நெட்வொர்க் 2 டாலர் காட்டுது, கேட்டதுல 40 சதவீதம்தான் நிரப்புது. ‘ஆ’ 1 டாலர், ஆனா 95 சதவீதம் நிரப்புது. ஆயிரம் தடவை கேட்டா ‘அ’ தர்றது 80 சென்ட், ‘ஆ’ 95 சென்ட்.

‘அ’ விட்ட மிச்சத்தை ‘ஆ’வுக்குத் தள்ளினா 1.37 டாலர் வரணும். பேப்பர்ல சரி. நிஜத்துல ‘அ’ கையை விரிக்கிறதுக்குள்ள வாசகர் ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுவார். ‘அ’ வேண்டாம்னு கழிச்சதுக்கு ‘ஆ’வும் பழைய விலை தராது. இப்படி ஒருத்தர் விட்டதை வரிசையா அடுத்தவருக்குத் தள்ளுறதுதான் வாட்டர்ஃபால். வரிசையில மூணாவதா நிக்கிறவர் 3 டாலர் தரத் தயாரா இருந்தாலும் அவர்கிட்ட கேள்வியே போகாது.

*

அந்த வரிசையை உடைக்கத்தான் ஹெடர் பிட்டிங். அதற்கான மென்பொருள்தான் 2015ல் வந்த ப்ரீபிட், இலவச ஓப்பன் சோர்ஸ். எல்லாரிடமும் ஒரே நேரத்தில் விலை கேட்டு, வென்ற விலையைக் கூகுள் ஆட் மேனேஜருக்கு (எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று முடிவு செய்யும் கருவி) அனுப்பும்; அங்கே அது கூகுளின் விலையோடு மோதும். 4 முதல் 6 பிட்டர் (விலை சொல்லும் நெட்வொர்க்) போதும். அதற்கு மேல் சேர்த்தால் வருமானத்தைவிடப் பக்கம் மெதுவாவதுதான் அதிகம். டைம்அவுட், அதாவது விலைக்காகக் காத்திருக்கும் நேரம், 1000 மில்லிசெகண்டில் தொடங்கலாம். மொபைல் வாசகர் அதிகமென்றால் 1500 வரை வைத்துப் பாருங்கள்.

நம் ஊர் தளங்கள் சறுக்குகிற இடம் விலைப்படி, அதாவது வந்த பிட்டை (சொன்ன விலையை) எத்தனை சென்ட் படிகளில் முழுமையாக்குவது என்பது. ப்ரீபிட்டில் ‘லோ’ என்று வைத்தால் 50 சென்ட் படிகள், அதுவும் கீழ்நோக்கித்தான் முழுமையாக்கும். 48 சென்ட் பிட் ஆட் மேனேஜருக்குப் போகும்போது பூஜ்யம்! கூகுள் 10 சென்ட்டுக்கே அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போகும். இந்திய டிராஃபிக்கில் பெரும்பாலான விலைகள் 1 டாலருக்குக் கீழே இருப்பதால் ‘டென்ஸ்’ வையுங்கள், 3 டாலர் வரை ஒவ்வொரு சென்ட்டாக ஏறும். அதற்கேற்ற லைன் ஐட்டங்களும் (ஆட் மேனேஜரில் ஒவ்வொரு விலைக்குமான பதிவு) வேண்டும். கையால் போட்டால் கண் போய்விடும், ஸ்கிரிப்ட் வைத்துப் போடுங்கள்.

இன்னொன்று: ஆட் மேனேஜர் கணக்கு ரூபாயில், பிட்டர்கள் டாலரில். ப்ரீபிட்டில் நாணயத்தை மாற்றும் கரன்சி மாட்யூலைச் சேர்க்காவிட்டால் 80 சென்ட் பிட் 80 பைசாவாகப் போட்டியிடும். எல்லாம் பச்சையாக ஓடும், எரர் எதுவும் வராது, வருமானம் மட்டும் வராது.

*

இதெல்லாம் மாசம் சில ஆயிரம் பேஜ் வியூ இருக்கிற தளத்துக்குத் தேவையே இல்லை. கூகுளோட ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் அனுப்பும், மீடியா.நெட்ங்கிற நெட்வொர்க்கும் அப்படியே. இருக்கிற கொஞ்ச டிராஃபிக்கை மூணு பேருக்குப் பிரிச்சா மூணு உண்டியலும் பாதியிலயே நிக்கும். தமிழ்த் தளத்துக்கு 2018 பிப்ரவரியிலதான் ஆட்சென்ஸ்ல அதிகாரபூர்வமா இடம் கிடைச்சது. புது நெட்வொர்க்ல சேரும் முன்னாடி அவங்க தமிழ்ப் பக்கத்தை ஏத்துக்கிறாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. கனடா, லண்டன், சிங்கப்பூர் வாசகர் எத்தனை சதவீதம்னு அனலிட்டிக்ஸ்ல பாருங்க, விலை அங்கதான் இருக்கு.

*

ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டியை மறந்துடாதீங்க. உங்க தளத்து விளம்பர இடத்தை யார் யார் விற்கலாம்னு சொல்ற ஃபைல் அது. 2017ல விளம்பரத் துறைத் தர அமைப்பான ஐஏபி டெக் லேப் கொண்டுவந்தது. ஒரு வரியில: விற்பவரோட டொமைன், கமா, உங்க கணக்கு எண், கமா, டைரக்ட் அல்லது ரீசெல்லர், கடைசியா இருந்தா ஒரு சான்றுக் குறியீடு. புது நெட்வொர்க் தர்ற நீளமான பட்டியலை அப்படியே பழைய ஃபைலுக்குப் பதிலா போட்டுட்டா ஆட்சென்ஸ் வரி காணாமப் போகும். ஒரு வாரம் கழிச்சு ‘வருமானம் ஏன் படுத்துச்சு’ன்னு வந்து கேட்பாங்க. ஃபைல் டொமைனோட ரூட்லயே இருக்கணும், ஃபோல்டருக்குள்ள வச்சா யாரும் படிக்க மாட்டாங்க. மாத்தினதும் சிடிஎன் கேஷைக் (தளத்தை வேகமா காட்ட வச்சிருக்கிற பழைய நகலை) கழுவுங்க.

*

சோதனை பற்றி. பழைய நெட்வொர்க்கின் டிசம்பரையும் புதியதின் ஜனவரியையும் ஒப்பிடக் கூடாது. ஆண்டுக் கடைசியில் விளம்பரதாரர் பட்ஜெட்டைக் கொட்டுவார்கள், ஜனவரியில் எல்லோருக்குமே விழும். வாசகரைக் குக்கீ வைத்துப் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டு அமைப்பையும் ஒரே நாட்களில், வார இறுதிகளும் சேர்த்துக் குறைந்தது 14 நாள் ஓட்டுங்கள். பார்க்க வேண்டிய எண் ஆயிரம் செஷனுக்கு (வாசகர் ஒரு தடவை வந்து போவது) எத்தனை டாலர் என்பதே. விளம்பரத்தைக் கூடுதலாகத் திணிக்கிற நெட்வொர்க் பேஜ் வியூ கணக்கில் ஜெயித்துவிடும், வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் கிளம்பியது அதில் தெரியாது. ஒவ்வொரு விளம்பர டிவ்வுக்கும் (பக்கத்தில் விளம்பரம் வரும் பெட்டி) உயரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பக்கம் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் 0.1ஐத் தாண்டிவிடும்.

மீடியாவைன் மாதிரி விளம்பரத்துக்கு முழுப் பொறுப்பெடுக்கிற நிறுவனங்களிடம் போனால் இந்தப் போட்டியை அவர்களே நடத்துவார்கள். மற்ற நெட்வொர்க்குகளின் நிரல்களை எல்லாம் தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பணமும் மாதம் முடிந்து 65 நாள் கழித்துத்தான் வரும். ஆட்சென்ஸ் அடுத்த மாதம் 21 முதல் 26க்குள் அனுப்பிவிடும், எனவே மாறுகிற சமயத்தில் ஹோஸ்டிங் பில்லுக்குக் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.