வீடு கட்டுற பிளானும் ஸ்கூல் பிளானும் ஏன் தனித்தனியா ஓடுது?

டியூஷன்_அக்கா:
சென்னை ஓரத்துல இருக்குற பெரும்பாக்கத்துல சாயந்தரம் பசங்களுக்கு பாடம் சொல்லித் தர்றேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையில இருந்த குடும்பங்கள நெறைய பேர இங்க கொண்டாந்து குடி வெச்சாங்க. அதுல ஒரு பொண்ணு, எட்டாவது, அரையாண்டுக்கு முன்னாடி வீடு மாறுனதால பழைய ஸ்கூலுக்கே விடியக்காத்தால ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு இருந்துச்சு, ஒரு மாசம் தாக்குப்புடிச்சுது, அப்புறம் நின்னுருச்சு. எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல. சென்னை எப்படி வளரணும்னு சொல்ற மூணாவது மாஸ்டர் பிளான் (2027-2046) தயாராகுது, இதுல ஸ்கூல் பத்தி நாம என்ன கேக்கணும்?

பிளானிங்_படிக்கிறவன்:
அக்கா, கல்வி உரிமைச் சட்டத்துக்கு நம்ம மாநிலம் போட்ட விதி, தொடக்கப்பள்ளி 1 கிமீக்குள்ள, நடுநிலைப்பள்ளி 3 கிமீக்குள்ள. தூரத்த மட்டும்தான் அளக்குது. அதே 1 கிமீக்குள்ள எட்டு மாடி பிளாக்கா வரிசையா ஆயிரக்கணக்குல வீடு வந்தா எத்தன கிளாஸ்ரூம் வேணும்னு அந்தக் கணக்குல வராது. சட்டமே 14 வயசு வரைக்கும்தான், ஒன்பதாவதுக்கு போற பிள்ளைக்கு அதுவும் இல்ல. தூரத்தோட சீட் எண்ணிக்கையும் கேளுங்க.

சிங்கை_வாசி:
இங்க சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு வீட்டு வாரியம்) டவுன் பிளான் பண்றப்பவே ஸ்கூலுக்கு நெலம் ஒதுக்கிடுவாங்க. ஒண்ணாம் வகுப்பு சேர்க்கையில 1 கிமீக்குள்ள வீடு இருந்தா முன்னுரிமை. சில ஸ்கூல் மைதானத்த வகுப்பு முடிஞ்சதும் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் தொறந்து விடுறாங்க, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். ஆனா பிள்ளைங்க எண்ணிக்கை கொறைஞ்சா இங்கயும் கஷ்டம்தான், 2019ல எட்டு ஜூனியர் காலேஜ (நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) நாலா இணைச்சாங்க. ஒரு தடவ போட்ட பிளானோட விட்டுட முடியாதுங்க.

அரசுப்பள்ளி_டீச்சர்:
நானும் பாத்திருக்கேன்மா, வருஷத்து நடுவுல டிசி வாங்கிட்டு வர்ற பிள்ளை புது எடத்துல ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்புன்னு எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட மாணவர் பதிவுத் தளம்) இருக்கு. வீடு மாத்துறதுக்கு முன்னாடி எடுக்குற குடும்பக் கணக்கோட அத சேத்துப் பாத்தாலே எந்த வகுப்புக்கு எத்தன சீட்டுன்னு தெரிஞ்சுடும். மாத்துறதா இருந்தா மே மாசம் மாத்துங்க, அதுவே பாதி பிள்ளைங்கள காப்பாத்தும்.

டியூஷன்_அக்கா:
டீச்சர், ரொம்ப நன்றி. எங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல ரெண்டு அம்மாங்க நம்ம டியூஷன் பசங்க வீட்டுக்காரங்கதான். சீட் எண்ணிக்கை, மே மாசம், எமிஸ் கணக்கு மூணையும் தீர்மானமா எழுதிக் குடுக்கச் சொல்றேன். நின்னுபோன பிள்ளைங்க லிஸ்ட்ட பிளாக் பிளாக்கா நானே எடுக்குறேன், ஞாயித்துக்கெழம கூட வர்றவங்க கீழ சொல்லுங்க.