கார்ல இருந்து வீட்டுக்கு கரண்ட்: கீசர் போட்டா கட் ஆகுது, லைனுக்கும் குடுக்க முடியுமா?

கோத்தகிரிவாசி:
வணக்கம். நம்ம ஊர் கதை தெரியும்ல, ஜூலை மழையில காத்தடிச்சா மரம் லைன் மேல சாயும், கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. வீட்ல 40.5 கிலோவாட் அவர் பேட்டரி இவி (எலக்ட்ரிக் கார்) நிக்குது, வி2எல் இருக்கு, அதாவது கார் பேட்டரில இருந்து வெளிய கரண்ட் எடுக்கற வசதி, அடாப்டர் மாட்டி எக்ஸ்டென்ஷன் போர்டுல ஃப்ரிட்ஜ், லைட்டு, மோடம் எல்லாம் ஓடுது, கீசர் போட்டதும் கட் ஆயிடுது. 3.3 கேவிஏ (சுமார் 3300 வாட்) வரைக்கும் தரும்னு இருக்கு. ரெண்டு பக்கமும் ப்ளக் வச்ச ஒயரை சுவத்து ப்ளக்ல சொருகினா வீடு முழுக்க வரும்னு ஒருத்தர் சொல்றார், செய்யலாமா? சாயங்காலம் வோல்டேஜ் இறங்கறப்ப வீட்டு மேல சோலார் வச்சவங்க மாதிரி மின்வாரிய லைனுக்கே குடுக்க முடியுமா?

குன்னூர் வயர்மேன்:
தம்பி அந்த ஒயரை மட்டும் செஞ்சுடாதீங்க. ஒரு முனை காருல இருக்கறப்ப மறு முனை பின்லயே 230 வோல்ட் நிக்கும், பிள்ளைங்க இருக்கற வீடு. மெயினை ஆஃப் பண்ண மறந்தா மீட்டர் தாண்டி போஸ்டுக்கு போயிடும், ட்ரான்ஸ்பார்மர் தலைகீழாவும் வேலை செய்யும், கீழ 230 போனா மேல 11 கேவி (11,000 வோல்ட்) லைன்ல ஏறும். கொட்டற மழையில போஸ்ட்ல ஏறி ஒயர் இழுத்துக் கட்டறவர் லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பித்தான் கை வைக்கறார், அவர் உயிரு நம்ம ப்ளக்ல இருக்கு. வீட்டு வயரிங்ல குடுக்கலாம்னு கார் மேனுவல் சொன்னா மட்டும், ஃபேஸ் நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து லைன்ல இருந்து காருக்கு மாத்தற டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்க, எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) வீடு காருல ஓடறப்ப வேலை செய்யுதான்னு லைசென்ஸ் உள்ளவர வச்சு டெஸ்ட் பண்ணுங்க. கீசர் எத்தனை வாட்?

கோத்தகிரிவாசி:
இன்ஸ்டன்ட் கீசர்ணா, 3000 வாட்.

குன்னூர் வயர்மேன்:
அதான் விஷயம். கார் தர்றதுல முக்கால்வாசிக்கு மேல அது ஒண்ணு மட்டுமே தின்னுடுது, அந்த நேரம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனா ஒரு நொடி பல மடங்கு இழுக்கும், கார் கட் பண்ணிடும். கார்ல கோளாறு இல்ல. தண்ணிய கேஸ்ல காய வைங்க.

மஞ்சூர் அக்கா:
லைனுக்கு குடுக்கறது வேற வேலைங்க. வி2எல் தானா 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கி தனியா ஓடும், லைனோட சேரணும்னா அதோட தாளத்துக்கு ஒத்துப் போகணும், கரண்ட் போனா அந்த நொடியே நின்னுடணும், அதுக்கு ரெண்டு வழி சார்ஜரும் மின்வாரிய அனுமதியும் வேணும். பேட்டரி இல்லாத, லைனோட சேர்ந்த ஆன்-கிரிட் சோலார் கரண்ட் போனா நின்னுடறதும் இதுக்குத்தான். கார் லைனுக்கு குடுக்கறத பத்தி அமெரிக்காவுல டெலாவர் பல்கலைக்கழகத்துல வில்லெட் கெம்ப்டன் 1990கள்லயே எழுதிட்டார், நெதர்லாந்துல உட்ரெக்ட்ல கார்கள் இப்ப குடுக்குது. இங்க குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு கட்டற நீரேற்றுத் திட்டமும் அதே கணக்குதான், மிச்சம் இருக்கறப்ப தண்ணிய மேல ஏத்தி உச்ச நேரத்துல இறக்கறது. ஆயிரம் கார் 3 கிலோவாட் குடுத்தா 3 மெகாவாட், ஒரு மலை ஊருக்கு அது சின்ன விஷயம் இல்ல, சாயங்கால லோ வோல்டேஜுக்கு நம்ம தெருவுலயே நிக்கற பேட்டரி உதவும், மின்வாரியம் இதுக்கு வழி செய்யணும்னு நான் ரொம்ப விரும்பறேன்.

கோத்தகிரிவாசி:
நன்றிக்கா, நன்றிண்ணா. கீசர் இல்லாம ஒரு நாளைக்கு 6 யூனிட்தான் ஆகும், 20 சதவீதம் விட்டு வச்சாலும் அஞ்சு நாள் தாங்கும் போல. மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு இறங்கணும்னா?

குன்னூர் வயர்மேன்:
இறங்கறதுக்கு சார்ஜ் ஏறத்தான் செய்யும், திரும்பி ஏறறதுக்குத்தான் வேணும், 40 சதவீதத்துக்கு கீழ வீட்டுக்கு எடுக்காதீங்க. நூறு வச்சுட்டு இறங்கினா ரீஜென் (இறங்கறப்ப மோட்டாரே வேகத்த பிடிச்சு பேட்டரியை சார்ஜ் பண்றது) பிடிக்காது, பிரேக்தான் சூடாகும், அதனால மேல இருக்கற பத்து இருபத வீட்டுக்கு எடுத்துட்டு கிளம்பறது நல்லது. சேஞ்ச்ஓவர் போடறப்ப போட்டோ போடுங்க, பாத்து சொல்றேன்.