இருவாச்சியா, ஊதாத் தவளையா?

சோலைமந்தி:
"வருடத்துக்கு ஒரு நாள் தலைகாட்டும் ஊதாத் தவளையை இருவாச்சிப் பறவையின் பக்கத்தில் வைத்துப் பேசுவதே அநியாயம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது ஒரு நாள் இல்லை. முதல் மழைக்கு ஆண் தவளைகள் மண்ணுக்குள்ளிருந்தே கூவும். வெளியே வந்து இணைசேர்வது சில இரவுகள்.

வால்பாறை ராசு:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய்த் தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நுழைய ஓர் இடுக்குதான் மிச்சம். ஆண் மாதக்கணக்கில் அத்திப்பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும். உங்கள் தவளை? முட்டையிட்டதும் மண்ணுக்குள் ஓட்டம். வருடத்துக்கு ஒரு நாள்தான்.

சோலைமந்தி:
சில இரவுகள்.

வால்பாறை ராசு:
கேரளத்தில் மாவேலித் தவளை என்பது சும்மாவா? மகாபலி மாதிரி வருடம் ஒருமுறை வருவதால்தான். 2003 வரைக்கும் அதற்கு அறிவியல் பெயர்கூட இல்லை.

சோலைமந்தி:
அதன் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்துவிட்டார்கள். ஓடை வெள்ளத்தில் பாறையை வாயால் கவ்வி வளரும் பிரட்டை அது. பெரிய தவளை மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்கிறது. நீங்கள் பார்க்காத நாளெல்லாம் அது வாழாத நாளா? செஷல்ஸ் தீவில் இருக்கும் அதன் சொந்தங்களை விட்டுப் பிரிந்தே பத்து கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னொன்று: 2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையிலிருந்து பூபதி தவளை என்று இரண்டாவது இனத்தை விவரித்தார்கள். அது வடகிழக்குப் பருவமழையில் இணைசேர்கிறது. உங்கள் 'ஒரு நாள்' எந்த மழையில் வருகிறது?

கடம்பன்:
எதை வைத்து உயர்த்தி, எதை வைத்துத் தாழ்த்தி? அதை முதலில் முடிவு பண்ணுங்கள்.

வால்பாறை ராசு:
ஒரு நாளோ நாலு நாளோ, காட்டுக்கு விதை போடுவது இருவாச்சி. சோலைமந்தி, போன வருடம் என் இருவாச்சிப் படத்தை மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி என்று அடித்துப் பேசியவர்தானே நீங்கள்?

சோலைமந்தி:
அலகுக்கு மேல் புடைப்பில் கருப்பு இருந்தது. இப்போதும் அதையேதான் சொல்வேன். நாலு நாள் என்றால் ஒரு நாள் இல்லை, அதையும் சொல்வேன்.

வால்பாறை ராசு:
பெரிய இருவாச்சி ஆணுக்கும் புடைப்பில் கருப்பு உண்டு ஐயா. கழுத்தைப் பார்க்கத் தெரியாதா? மஞ்சள் கழுத்து!

சோலைமந்தி:
கழுத்தை இலை மறைத்திருந்தது. முழுப் படத்தையும் போடுங்கள்.

வால்பாறை ராசு:
உங்களுக்காகப் போட மாட்டேன்.