நிறுவனக் கொடையாளரின் உருவப்படமும் நினைவுப் பொருள்களும்: கட்டடத் தளவாடமா, சேகரிப்பின் பகுதியா?

கேள்வி

வணக்கம். ஒரு சிறிய உள்ளூர் அருங்காட்சியகத்தின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் தன்னார்வப் பணியில் இருக்கிறேன். நிலத்தையும் தம் சேகரிப்பையும் தந்து அதை நிறுவிய கொடையாளரின் தைலவண்ண ஓவியம் நுழைவுக்கூடத்தில் தொங்குகிறது. மாடிப்படித் திருப்பத்தில் பிளாஸ்டரில் வார்த்த மார்பளவுச் சிலை நிற்கிறது. அடிக்கல் நாட்டியபோது அவர் கையில் பிடித்த வெள்ளிக் கரணையும், திறப்புவிழாச் சாவியும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. அவர் கொடுத்த ஒவ்வொரு நாணயத்துக்கும் சேர்க்கை எண் (சேகரிப்பில் பதியும்போது தரும் எண்) உண்டு. அவரையே நினைவூட்டும் இந்த நான்கில் ஒன்றுக்கும் இல்லை. இவற்றை முறைப்படி சேகரிப்பில் சேர்க்கலாமா? சேர்த்தால் ஓரிடத்தில் கூட்டிவைப்பதா, இருந்த இடத்திலேயே விடுவதா?

மறுமொழி 1

கட்டாயம் சேருங்கள். எண் இல்லாத பொருள் தொலைந்தால், அது இருந்தது என்பதற்கே சான்று இருக்காது. ஆனால் எண் கொடுப்பதற்கு முன், ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்பதைப் பழைய நிர்வாகக் குழுக் குறிப்பேடுகளில் தேடுங்கள். பொதுமக்கள் நிதி திரட்டி வரையச் சொன்ன படமும், குடும்பத்தார் இரவலாகத் தொங்கவிட்ட படமும் சுவரில் ஒன்றுபோலத்தான் தெரியும், உரிமையில் அவை வேறு.

ஓவியத்தை இருவராக இறக்கி, அதன் பின்புறத்தை முழுமையாகப் படம் எடுங்கள். சட்டம் செய்தவரின் ஒட்டுச்சீட்டு, பென்சில் குறிப்பு, பழைய ஆணித் துளை எல்லாம் அங்கேதான் இருக்கும். துணிக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டிப் பழுதுபார்த்தால் அங்கே எழுதியிருப்பது மறைந்துவிடும் என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கரணையைத் தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் வெள்ளி சிறிது கரைகிறது. ஆழமற்ற எழுத்துகளே முதலில் மழுங்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து படிக்கக் கிடைக்கும். சிலையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, தூசி பிளாஸ்டருக்குள் இறங்கிவிடும். மென்மையான தூரிகை போதும்.

மறுமொழி 2

இடத்தைப் பற்றி என் கருத்து: கொடையாளரின் பொருள்களை ஒரு மூலையில் குவித்தால் அது வழிபாட்டு மாடம்போல் ஆகிவிடும், பார்ப்பவர் வணங்கிவிட்டுக் கடந்துபோவார். போஸ்டனில் தம் சேகரிப்புக்கென அருங்காட்சியகம் நிறுவிய இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் தம் காட்சி அமைப்பை மாற்றக் கூடாதென உயிலிலேயே எழுதியதால், ஓவியர் சார்ஜென்ட் 1888இல் வரைந்த அவருடைய உருவப்படம் இன்றும் அவர் வகுத்த அறையிலேயே இருக்கிறது. அங்கே இடமும் அவருடைய பேச்சின் ஒரு பகுதி. அப்படிப்பட்ட விருப்பம் எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால், விளக்கத்தில்தான் கவனம் வேண்டும். 1753இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உருவாக ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பே அடிப்படை. அவருடைய சுடுமண் மார்பளவுச் சிலையை 2020இல் பீடத்திலிருந்து எடுத்துக் காட்சிப் பேழைக்குள் வைத்து, ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பால் நடந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து அவருக்கு வருவாய் வந்ததையும் அருகிலேயே எழுதினார்கள். சிலையை அகற்றவில்லை, அதை ஒரு வரலாற்றுச் சான்றாக மாற்றினார்கள். உங்கள் கொடையாளரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரியிலாவது எழுதுங்கள். அது அவருக்கு இழைக்கும் அவமரியாதை ஆகாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஓவியத்தை நேற்று இறக்கினோம். பின்சட்டத்தின் குறுக்குக் கட்டையில், அவர் மறைந்தபின் ஒரு நிழற்படத்தைப் பார்த்து வரைந்ததாகப் பென்சிலில் எழுதியிருக்கிறது. இத்தனை காலமும் அவர் நேரில் அமர்ந்து வரையப்பட்டது என்றே பார்வையாளரிடம் சொல்லிவந்தோம். அந்த நிழற்படமும் சாவி இருந்த அதே அலமாரியில், ஓர் உறைக்குள் கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைக்கலாமா?

மறுமொழி 1

வைக்கலாம், ஆனால் நிழற்படத்தின் நகலை வையுங்கள். தைலவண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தருவது வழக்கம். பழைய நிழற்படத்துக்கு 50 லக்ஸே மேல்வரம்பு, அதுவும் சில மாதங்களுக்குத்தான். மூலத்தை அமிலமற்ற உறைக்கு மாற்றி இருட்டில் வையுங்கள். பழைய உறையையும் எறியாதீர்கள், அதற்கும் ஓர் எண் கொடுங்கள்.