பழைய இங்க்ஜெட் பிரிண்டர் யாரிடமாவது இருக்கிறதா? (ஊட்டி, குன்னூர் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். பிரிண்டரின் நுண்துளையிலிருந்து மை எப்படித் துளியாகப் பிரிகிறது என்பதுதான் என் பிஎச்.டி. ஆராய்ச்சி. சில பிகோலிட்டர் (லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர்) அளவே உள்ள துளி, அதற்கொரு வால். அந்த வால் அறுந்து குட்டித் துளிகளாகச் சிதறினால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். மையைத் துளியாகச் சுருக்கும் பரப்பு இழுவிசைக்கும், அது ஓடவிடாமல் தடுக்கும் பாகுநிலைக்கும் (கெட்டித்தன்மை) நடக்கும் இழுபறி இது. 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் வெறும் தண்ணீரின் பாகுநிலையே சுமார் 30 சதவீதம் கூடுகிறது. மை சும்மா இருக்குமா? அதைத்தான் ஊட்டிக் குளிரில் பார்க்க ஆசை.

எப்சன் மாதிரி, மையைச் சூடாக்காமல் பீசோ (மின்சாரம் கொடுத்தால் நெளியும் பொருள்) அதிர்வால் தள்ளும் பிரிண்டராக இருக்க வேண்டும். பேப்பர் இழுக்காவிட்டாலும் பரவாயில்லை, மை தெளிக்கும் ஹெட் அடைக்காமல் இருந்தால் போதும். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த விலையை நானே தருகிறேன். கோத்தகிரி என்றாலும் வந்து எடுத்துக்கொள்வேன். அப்புறம், ஜனவரியில் ஹீட்டர் போடாத சின்ன அறை ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா?