ப்ளூகிராஸில் பாப் பாட்டு: நேரில் கேட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராலேக்காரன்:
ப்ளூகிராஸ் என்பது பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்), ஃபிடில் (வயலின்), மாண்டலின், கிடார் ஆகியவற்றில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசை. அமெரிக்காவில் வட கரோலினாவின் ராலே நகரில் 2013 முதல் 2024 வரை சர்வதேச ப்ளூகிராஸ் சங்கத்தின் விழா நடந்தது. ஃபயட்வில் தெருவை அடைத்து மேடை போடுவார்கள், டிக்கெட் கிடையாது. அங்கே ஒரு முனையில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ வாசிப்பதைக் கேட்டு நின்றுவிட்டேன். அந்தப் பாட்டு தொடங்குவதே டிரம்மில்தான். இவர்களிடம் டிரம் இல்லை. மாண்டலின் வாசித்த பெண் தந்திகளைத் தட்டிய மறுகணமே இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அமுக்கினாள். ‘சக்’ என்று விழுந்த அந்த வெட்டுதான் டிரம்மின் வேலையைச் செய்தது. எல்லோருக்கும் ஒரே மைக். பாஞ்சோவின் முறை வந்தால் அவன் முன்னால் வருவான், ஃபிடில் விலகி வழிவிடும். ஒரு முழங்கைகூட இடிக்கவில்லை. பாப் பாட்டை எடுப்பது வெறும் வேடிக்கைக்கு என்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

பாஞ்சோ மாணவி:
வாசிக்கப் பழகுகிறவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பாப் பாட்டில் பாடுகிறவர் ஒரு சுரத்தில் நீண்ட நேரம் நிற்பார். பாஞ்சோவில் மீட்டிய ஒலி உடனே அடங்கிவிடும். அதனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மாறி மாறிப் பொழியும் சின்னச் சுரங்களால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எர்ல் ஸ்க்ரக்ஸ் இந்த மூவிரல் வாசிப்போடு 1945 இறுதியில், ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் ப்ளூகிராஸ் இன்று நாம் கேட்கும் உருவத்துக்கு வந்தது.

ஃபின்லாந்து நாட்டு ஸ்டீவ் அண்ட் சீகல்ஸ் குழு, ஏசி/டிசி குழுவின் ராக் பாட்டான ‘தண்டர்ஸ்ட்ரக்’கை ப்ளூகிராஸில் வாசித்த வீடியோவை (2014) எனக்கு அனுப்பாத நண்பர் இல்லை. வாசிப்பு அசல், பண்ணைக்கார வேஷம்தான் ஒட்டவில்லை. என் மனதுக்கு நெருக்கமானது ப்ளூகிராஸ் பாடகி அலிசன் க்ராஸ் 1995இல் வெளியிட்ட ‘பேபி, நவ் தட் ஐவ் ஃபவுண்ட் யூ’. 1967இல் ஃபவுண்டேஷன்ஸ் குழு துள்ளலாகப் பாடிய பாட்டு அது. அலிசன் வேகத்தைக் குறைத்துப் பாடும்போதுதான் அந்த வரிகளில் இருக்கும் கெஞ்சல் எனக்குக் கேட்டது.

பிரிஸ்டல் போய்வந்தவன்:
ஒரு பாட்டு கை மாறி வேறாவதை மாணவி சொன்னதும் பிரிஸ்டல் ஊர் ஞாபகம் வந்தது. ஊரின் ஸ்டேட் தெருவில் ஒரு ஓரம் டென்னசி, மறு ஓரம் வர்ஜீனியா. நடுவில் எல்லையைக் காட்டும் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். 1927 கோடையில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் இந்தத் தெருவில்தான் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது இங்கேதான். கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அந்த நிலையில் மலைப் பாதையில் கார் பயணம் செய்து வந்து கிடார் வாசித்திருக்கிறார். அருங்காட்சியகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் அவர்களுடைய மற்றப் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். மலைநாட்டுப் பழம்பாட்டு என்று நாம் நினைக்கும் ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ 1860இல் அச்சில் விற்ற ஒரு வரவேற்பறைப் பாட்டின் திரிபு. பியானோவுக்கு எழுதியது மலைக்குப் போய், வாய் மாறி, சொல் சிதைந்து, மேபெலின் கிடாரில் வேறொன்றாகிவிட்டது. அந்தக் காலத்துப் பாப் பாட்டுதானே அது! அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டு சேகரிக்கப் போனபோது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞரும் கூடப் போனார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் பிடித்துக்கொள்வார். இந்தப் பெயரைக் கன்ட்ரி இசை கேட்கிறவர்களிலேயே பலர் அறியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பாஞ்சோ மாணவி:
அண்ணா, ரிடிலைச் சொன்னதற்கு நன்றி. பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் வழி வந்தது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையால் அமெரிக்காவில் உருவானது. என்னைப் பாஞ்சோ வாங்க வைத்தது கரோலினா சாக்லெட் டிராப்ஸ் குழு. வட கரோலினாவின் முதிய கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்ப்சன் வீட்டுக்குப் போய்ப் பாட்டு கற்றவர்கள். ப்ளூ கான்ட்ரெல் 2001இல் பாடிப் புகழ்பெற்ற ‘ஹிட் எம் அப் ஸ்டைல்’ பாட்டை 2010 ஆல்பத்தில் ஃபிடிலோடு செய்திருக்கிறார்கள். பழைய பாட்டுகளுக்கு நடுவே அது வரும்போது வேற்றூர்ப் பாட்டாகவே தோன்றவில்லை. 2024இல் பியான்சேயின் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாட்டில் பாஞ்சோ வாசித்த ரியானன் கிடன்ஸும் இந்தக் குழுவில் இருந்தவர்தான்.

ராலேக்காரன்:
இருவருக்கும் நன்றி. பில் மன்றோவும் சின்ன வயதில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு நடன விருந்துகளில் வாசித்துப் பழகியவர்தான். மன்றோவின் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’ மூன்று எண்ணிக்கை கொண்ட நிதானமான வால்ட்ஸ் தாளத்தில் போகும். 1954இல் எல்விஸ் பிரெஸ்லி அதை வேகமாக்கித் தன் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் பாடினார். மன்றோ கோபித்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு தன் பாட்டைத் தானே திரும்பப் பதிவு செய்தார்: முதலில் பழைய வால்ட்ஸ், பிறகு எல்விஸைப் போல விரைவு நடை. மன்றோவின் இரண்டு பதிவுகளையும் நடுவில் எல்விஸையும் வைத்து வரிசையாகக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.