கருத்துப் போவேன் என்று கோ-கோ பயிற்சிக்குப் போக மறுக்கும் மகள்: என்ன சொல்வது?

கரிசல்மண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறோம். என் மகள் எட்டாம் வகுப்பு, பள்ளி கோ-கோ அணியில் நன்றாக ஆடுபவள். பெரிய லீவு முடிந்ததிலிருந்து காலைப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறாள். ஒரு நாள் கால் வலி, ஒரு நாள் தூக்கம். கடைசியில் அவள் தோழியின் அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. "வெயில்ல நின்னா இன்னும் கருத்துப் போயிருவேன்" என்று அங்கே சொல்லியிருக்கிறாள்.

போன ஆண்டு விழா நடனத்தில் நிறமாக இருக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தி, இவளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். வீட்டில் என் மாமியார் பேத்தி மேல் உயிராக இருப்பவர், ஆனால் யார் வந்தாலும் "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார். இப்போது என் நாத்தனார் மகள் ஏதோ ஒரு க்ரீம் கொடுத்திருக்கிறாள். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பூசுகிறாள்.

"அழகு முக்கியமில்லடி, குணம்தான் முக்கியம்" என்றேன். "அப்ப நான் அழகா இல்லைன்னு நீயே ஒத்துக்கிற" என்று திருப்பிக் கேட்டாள். வாயடைத்துப் போனேன். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி:

முதலில் மாமியாரிடம் பேசுங்கள். எங்கள் அத்தைக்கும் இதே "இருந்தாலும்" பழக்கம் உண்டு. என் வீட்டுக்காரர் அவருக்கே உரிய விதத்தில் "இனி என் பொண்ணு நிறத்தைப் பத்தி இந்த வீட்டுல பேச்சு வரக்கூடாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நின்றுவிட்டது. மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் காதில் ஏறும்.

மெடிக்கல் அக்கா:

கரிசல்மண், மதுரையில் மெடிக்கல் வைத்திருக்கிறேன், நானே பார்மசிஸ்ட். முதலில் அந்த க்ரீம். டியூபை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு (டாக்டர் சீட்டோடு விற்க வேண்டிய மருந்து என்பதன் அடையாளம்) இருக்கிறதா, பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா? அந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடக்கத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதைப் பார்த்துத்தான் ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுக்கிறாள். அப்புறம் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், கன்னத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். 2018ல் ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் சீட்டு இல்லாமல், பழைய டியூபின் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு "இதே குடுங்க" என்று கேட்கும் பிள்ளைகள் என் கடைக்கும் வருகிறார்கள். பெயரே தெரியாத டப்பா க்ரீம் என்றால் அதைவிட மோசம். 2023ல் மலப்புரத்தில் அப்படிப்பட்ட க்ரீம்களில் இருந்த பாதரசத்தால் சிலருக்கு சிறுநீரகமே கெட்டுப்போனது.

அடுத்தது அவள் கேட்ட கேள்வி. சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். "அழகு முக்கியமில்லை, குணம்தான்" என்பதை எந்தப் பிள்ளையிடம் சொல்கிறோம்? நிறமாக இருக்கும் பிள்ளையிடம் யாராவது சொல்கிறோமா? போட்டியில் தோற்றவளுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு மாதிரி இருக்கிறது அது. அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள். "நீ அழகாத்தான் இருக்க" என்று ஒரு தடவை நேராகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள்.

எந்தப் பேச்சு என்றால், கோ-கோ தெரிந்த பிள்ளை, அதிலிருந்தே எடுக்கலாம். துரத்துகிறவள் எதிராளியை நெருங்கிவிட்டாள், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. ஆனால் அடுத்த கட்டத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு இன்னும் சுலபமான வாய்ப்பு. அந்த நொடியில் தன் ஓட்டத்தை நிறுத்தி அவள் முதுகில் தட்டி "கோ" கொடுக்கிறாளே, அவுட் எடுத்த பெயர் மற்றவளுக்குப் போகும் என்று தெரிந்தும் கொடுக்கிறாளே, அது குணம். உங்கள் மகள் அப்படிச் செய்திருப்பாள். எந்த மேட்ச், யாருக்குக் கொடுத்தாள் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக "நீ நல்ல பொண்ணு" என்றால் அது காற்றில் போய்விடும். பிள்ளைகளுக்குப் பொய்ப் பாராட்டு உடனே தெரிந்துவிடும்.

தோழியின் மகளைப் பார்த்ததும் "எவ்வளவு அழகா இருக்கா" என்பதுதானே நம் முதல் வார்த்தை? அதையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்குக் குங்குமப்பூ வாங்க வருகிறார்கள், பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம். முகம் பார்க்கும் முன்பே தொடங்கிவிடுகிறோம்! அப்பா அம்மாவிடமிருந்து வருகிற நிறத்தைப் பாலில் கரைத்த பூ என்ன செய்யும்?

இரு பெண்களின் அப்பா:

எல்லாம் சரி. ஆனால் நாளைக்கு வரன் பார்க்கும்போது "பொண்ணு நல்ல நிறமா?" என்றுதான் கேட்கப் போகிறார்கள். உலகம் இப்படித்தான் என்பதை மறைத்து வளர்த்தால் பிறகு அடி பலமாக விழும். என் பெரியவளுக்கு அப்படித்தான் ஆனது. நல்ல குணத்தோடு வளர்ப்போம், கூடவே கொஞ்சம் பார்க்க லட்சணமாகவும் இருக்கட்டுமே என்கிறேன்.

மெடிக்கல் அக்கா:

சார், உங்கள் பெரியவளுக்கு நடந்தது வருத்தம்தான். கேட்பார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது, கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஊர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதைப் பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும். "உன்னை ஓரத்தில் நிறுத்தினது அநியாயம், அது உன் குறை இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அம்மா போய் அந்த மிஸ்ஸிடம் ஏன் என்று கேட்கலாம், மகள் பார்க்கட்டும்.

இன்னொன்று. வரன் பார்க்கும் வீடுகளில் "நல்ல குணம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். குனிந்த தலை நிமிராது, எதிர்த்துப் பேசாது. அதுவும் நிறம் மாதிரி இன்னொரு அளவுகோல்தான். கரிசல்மண்ணின் மகள் அம்மாவை மடக்கிக் கேட்டாளே ஒரு கேள்வி, அந்தத் துணிச்சலையும் குணக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கரிசல்மண்:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் பேச இவங்க அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் முனகிக்கொண்டுதான். டியூபைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன் அக்கா. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கிறது. சிவப்புக் கோடும் இருக்கிறது. இன்றோடு தூக்கிப் போட்டுவிடவா?

மெடிக்கல் அக்கா:

தூக்கிப் போடாதீர்கள். டியூபோடு தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இந்த வாரமே. எவ்வளவு நாளாகப் பூசுகிறாள் என்பதை அவளையே சொல்ல விடுங்கள், திட்டினால் குறைத்துச் சொல்லுவாள். நீண்ட நாள் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லுவார். அதில் இருக்கும் ட்ரெட்டினாயினால் தோல் வெயிலை முன்பைவிடக் குறைவாகத்தான் தாங்கும். அதனால் பி.டி. மிஸ்ஸிடம் சொல்லி இப்போதைக்கு வெயில் தாழ்ந்த பிறகு பயிற்சி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நாத்தனார் மகளும் இதைத்தான் பூசுகிறாள் என்றால் அவளையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள்.